வீட்டுச் சாப்பாட்டுக்குத் திடலில் இடம் கொடுங்கள்: எங்கள் காற்பந்துக் கழக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வரும் பருவத்திலிருந்து பயிற்சித் திடலுக்கும் ஆட்டம் நடக்கும் இடத்துக்கும், வீட்டில் சமைத்தது உட்பட வெளிச்சாப்பாடு எதையும் கொண்டுவரக் கூடாது, ஆட்ட நாளில் ஆதரவாளர் நிறுவனம் தரும் பெட்டிச் சாப்பாட்டைத்தான் பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் காரணம் கேட்டோம். "முடிவு எடுக்கப்பட்டுவிட்டது" என்று ஒரு வரி வந்தது, அதோடு சரி. நேரில் பேச நேரம் கேட்டோம், அதற்கும் பதில் இல்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் 14 வயதுக்குட்பட்டோர் அணியில் நடுத்திடலில் ஆடும் ஒரு பையனின் அம்மா. சிங்கப்பூரில் ஓர் உணவங்காடி நிலையத்தில் இட்லி, தோசை, மீ கோரெங் (வறுத்த நூடல்ஸ்) விற்கும் கடை எங்களுடையது. சமையல்தான் என் தொழில். போன பருவம் முழுக்க அணியின் சாப்பாட்டுப் பையை நானும் வேறு சில அம்மாக்களும், பேரனைக் கூட்டிவரும் ஒரு தாத்தாவும் முறை வைத்துச் சுமந்தோம். கழகத்தின் பணம் ஒரு காசுகூட அதில் செலவாகவில்லை.

அந்தப் பையில் என்ன இருந்தது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. மாலை 4 மணி ஆட்டம் என்றால் பிள்ளைகள் 12, 12.30 மணிக்கே வீட்டில் சோறும் மீனோ கோழியோ சாப்பிட்டுவிடுவார்கள். பொரித்தது கிடையாது, காரமும் குறைவு. 3 மணி வாக்கில் பையிலிருந்து ஆளுக்கு ஒரு வாழைப்பழம், இல்லையென்றால் காயா (தேங்காய்ப்பால், முட்டை சேர்ந்த ஜாம்) தடவிய ரொட்டி. காலை 9 மணி ஆட்டமென்றால் விடியும்போதே இட்லி. எண்ணெய் அதிகம் விடாமல் கொஞ்சம் பொடி, அவ்வளவுதான். தேங்காய்ச் சட்னி பையன்களுக்குப் பிடிக்கும், ஆனால் ஆட்ட நாளில் கொடுப்பதில்லை. தேங்காயும் மிளகாயும் ஓடும்போது நெஞ்சைக் கரிக்கும். இடைவேளையில் ஆரஞ்சுச் சுளையும் தண்ணீரும். ஆட்டம் முடிந்த கையோடு பால் அல்லது மைலோ, கூடவே அவித்த முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல். அந்தச் சுண்டலையே ஆட்டத்துக்கு முன் கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்ளும். ஆகவே ஆட்டத்துக்கு அப்புறம்தான்.

இப்போது நீங்கள் தரப்போகும் பெட்டிக்கு வருகிறேன். போன பருவத்தின் கடைசி ஆட்டங்களில் அதை முன்னோட்டமாகக் கொடுத்தீர்கள். அதில் ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். 4 மணிக்கு ஆட்டம், பெட்டி வந்து சேர்ந்ததோ 3.15 மணிக்கு. மூடியைத் திறந்து பார்த்தேன். தடித்த மாவு பூசிப் பொரித்த கோழி இரண்டு துண்டு. அடியில் விரித்த தாள் எண்ணெய் ஊறி, பின்னால் இருந்த என் விரல் தெரிந்தது. துவண்டுபோன ஃபிரைஸ், ஒரு பன், ஒரு மயோனைஸ் பொட்டலம், ஒரு டின் குளிர்பானம். பெட்டிச் சாப்பாடு உண்டு என்று நீங்கள் சொல்லியிருந்ததால் பல பிள்ளைகள் வீட்டில் மதியம் சரியாகச் சாப்பிடாமலே வந்திருந்தார்கள். பசியில் பத்தே நிமிடத்தில் பெட்டியைக் காலி செய்தார்கள்.

முதல் பாதி முடியும் முன்பே எங்கள் வலப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரன் கோட்டுக்கு வெளியே குனிந்து வாந்தி எடுத்தான். வந்ததில் பாதி குளிர்பானம். கோல்காப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றான். இரண்டாம் பாதியில், வழக்கமாகக் கடைசி விசில் வரை ஓடும் என் மகன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பந்து தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தபடி நின்றான். தோற்றதைப் பற்றி நான் பேசவில்லை. பிள்ளைகள் தோற்பார்கள், ஜெயிப்பார்கள். ஓடத் தெரிந்த பிள்ளைகளை ஓட முடியாமல் செய்துவிட்டோமே என்பதுதான் என் ஆத்திரம்.

இது ஏதோ ஒரு நாள் வயிறு சரியில்லாமல் போன கதை இல்லை. கொழுப்பு அதிகமுள்ள சாப்பாடு வயிற்றைவிட்டு இறங்க வெகுநேரம் ஆகும். ஓடத் தொடங்கியதும் உடல் ரத்தத்தைக் கால் தசைகளுக்குத் திருப்பிவிடுகிறது, வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. எண்ணெய்ப் பண்டம் உள்ளே அப்படியே கிடக்கும். அதன் மேல் ஒரு டின் சர்க்கரைத் தண்ணீரையும் ஊற்றினால் குமட்டத்தான் செய்யும். ஓட்டத்துக்கான எரிபொருளோ, தசைக்குள் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன். அது பெரும்பாலும் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதாவது சோறு, இட்லி, ரொட்டி, நூடல்ஸ், பழம் இவற்றிலிருந்து. சாப்பிட்டது செரித்துத் தசைக்குப் போய்ச் சேர மணிக்கணக்கில் நேரம் வேண்டும். விசிலுக்கு முக்கால் மணி நேரத்துக்கு முன் கொடுக்கும் கோழித் துண்டு அந்த ஆட்டத்துக்கு உதவவே உதவாது.

சுவீடனைச் சேர்ந்த உடலியல் அறிஞர் பெங்ட் சால்டின் 1970களின் தொடக்கத்திலேயே இதைக் காற்பந்து ஆட்டக்காரர்களை வைத்து ஆராய்ந்தார். தசையில் கிளைகோஜன் நிறைவாக இருந்தவர்கள் ஓர் ஆட்டத்தில் சுமார் 12 கிலோமீட்டர் கடந்தார்கள். குறைவாக வைத்துக்கொண்டு இறங்கியவர்கள் கடந்தது 10 கிலோமீட்டருக்கும் குறைவு, அதிலும் பாதித் தூரம் நடைதான். நம் பிள்ளைகள் இரண்டாம் பாதியில் நடப்பதைப் பார்த்து "மனவுறுதி இல்லை" என்று திட்டுகிறோம். மதியம் என்ன சாப்பிட்டான் என்று யாரும் கேட்பதில்லை.

ஐரோப்பியக் காற்பந்து அமைப்பான யூஃபா அமைத்த நிபுணர் குழுவும் ஆட்டக்காரர்களின் உணவைப் பற்றி விரிவான அறிக்கை தந்திருக்கிறது. ஆட்டத்துக்கு 3, 4 மணி நேரத்துக்கு முன் முக்கியச் சாப்பாடு, அதில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 3 கிராம் மாவுச்சத்து என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. அது பெரியவர்களுக்கு எழுதியது, உண்மைதான். வளரும் பிள்ளைகளுக்கு ஆட்டத்துக்கு வேண்டியதோடு வளர்ச்சிக்கும் சேர்த்துச் சாப்பாடு வேண்டும். 45 கிலோ எடையுள்ள பையனுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் 45 கிராமிலிருந்து 135 கிராம் வரை வருகிறது. ஒரு கிண்ணம் சோறு, அதாவது சுமார் 200 கிராம், கிட்டத்தட்ட 55 கிராம் மாவுச்சத்து தரும். ஒரு வாழைப்பழம் இன்னொரு 25 கிராம். இவ்வளவு எளிதான விஷயம் இது. எந்த விலை உயர்ந்த பவுடரும் தேவையில்லை, எந்த ஆதரவாளரும் தேவையில்லை.

இந்த இடத்தில் இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் பையன்களிடம் "சோற்றைக் குறை, அப்போதுதான் வேகம் வரும்" என்று திடலில், மற்றப் பிள்ளைகள் கேட்கச் சொல்லப்படுகிறது. என் காதாலேயே கேட்டேன். பயிற்றுவிப்பாளர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் அந்த ஒரு சொல் வீட்டுக்குள் என்ன செய்கிறது தெரியுமா? எங்கள் அணியில் ஒரு பையன் இரவில் சோற்றைத் தொடுவதையே விட்டுவிட்டான். அம்மா தட்டில் போட்டுக் கொடுத்தால் கறியை மட்டும் எடுத்துக்கொண்டு சோற்றை ஓரமாகத் தள்ளுகிறான். பயிற்சியில் அவனுக்குத்தான் முதலில் மூச்சு வாங்குகிறது. போதாத சாப்பாட்டோடு கடும் பயிற்சி செய்தால் எலும்பு, வளர்ச்சி, நோய் எதிர்ப்புச் சக்தி, மனநிலை எல்லாம் பாதிக்கும் என்பதால் அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014-இலேயே இதைத் தனிப் பிரச்சினையாக அடையாளம் காட்டி அறிக்கை வெளியிட்டது. 13 வயதுப் பையன் உயரும் வயதில் இருக்கிறான். எடையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள், தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்புங்கள். கூட்டத்துக்கு நடுவே சோற்றுக்கு எதிராகப் பேசாதீர்கள்.

சுற்றறிக்கையில் நீங்கள் எழுதியிருக்கும் முதல் காரணம் சுத்தம். வீட்டில் சமைத்தது பாதுகாப்பானதா என்று தெரியாது என்கிறீர்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் சமையலில் கைவைக்கும் எல்லாரும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தவர்கள், நானும்தான். நம் வெயிலில் சோறு நேரமானால் கெட்டுப்போகும், அதனால்தான் நாங்கள் சோற்றைத் திடலுக்குக் கொண்டுவருவதே இல்லை. அதை வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். முட்டையும் பாலும் ஐஸ் பெட்டிக்குள் வரும். பழம் உரிக்காமல் வரும். கேட்டரிங் சாப்பாட்டைச் சமைத்த 4 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதி, நேரம் குறித்த ஒட்டுத்தாளும் இருக்க வேண்டும். முன்னோட்டத்துக்கு வந்த பெட்டிகளில் எப்போது சமைத்தது என்று எந்தக் குறிப்பும் இல்லை. கொண்டுவந்தவரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. சுத்தம்தான் உங்கள் கவலை என்றால் அந்தக் கேள்வியை ஆதரவாளரிடமும் கேளுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத ஒரு பிள்ளை அணியில் இருப்பதால் பையில் வேர்க்கடலை சேர்ந்த எதையும் வைக்கக் கூடாது என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். இன்னும் விதிகள் வேண்டுமா, எழுதிக் கொடுங்கள், பின்பற்றுகிறோம். ஒரு வாழைப்பழத்தைக்கூட வாசலில் நிறுத்துவது சுத்தம் ஆகாது.

இரண்டாவது காரணம் ஆதரவாளர் ஒப்பந்தம். பணம் இல்லாமல் கழகம் நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். திடல் வாடகை, நடுவர் கட்டணம், ஜெர்சி, பேருந்து, எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. அவர்கள் பெயரை ஜெர்சியில் போடுங்கள், பதாகை கட்டுங்கள், நாங்கள் எதிர்க்கவில்லை. பிள்ளைகளின் வயிற்றை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்ததைத்தான் எதிர்க்கிறோம். அந்த டின்னில், பானங்களைத் தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் குறியீட்டின் 'டி' எழுத்து இருந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை என்று அதற்கு அர்த்தம். 320 மில்லிலிட்டர் டின் ஒன்றைக் குடித்தால் ஆறு தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை உள்ளே போகிறது. 2022 டிசம்பர் கடைசியில் இந்தத் தரக்குறியீடு நடப்புக்கு வந்தபோது, 'டி' தரப் பானங்களுக்கு விளம்பரம் செய்யவும் நம் நாட்டில் தடை வந்தது. பள்ளி உணவகங்களிலும் பொரித்ததைக் குறைத்துப் பழமும் காய்கறியும் முழுத்தானியமும் சேர்க்கச் சுகாதார மேம்பாட்டு வாரியம் பல ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது. வாரம் முழுவதும் பள்ளியில் ஒரு வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சனிக்கிழமை விளையாட்டுத் திடலில் அதற்கு நேர்மாறானதை இலவசமாகக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

பொரித்த கோழியும் பிராட்டாவும் பாவம் என்று நான் சொல்லவில்லை. நானே எண்ணெயில் வதக்கி மீ கோரெங் விற்கிறவள். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து பிராட்டா சாப்பிட்டால் அதில் எனக்கும் சந்தோஷம்தான். நேரம்தான் விஷயம்.

ஆனால் அந்த நேரத்தைத்தான் பெற்றோர் கையிலிருந்து நீங்கள் எடுத்துவிட்டீர்கள். நாளைய ஆட்டம் எத்தனை மணிக்கு என்று முதல் நாள் இரவு பத்து, பத்தரைக்குச் செய்தி வருகிறது. 1 மணி என்று நினைத்திருந்தால் 8.30 என்று வரும். 8.30 ஆட்டத்துக்கு 7 மணிக்கே வரச் சொல்கிறீர்கள். உட்லண்ட்ஸிலிருந்தோ பாசிர் ரிஸ்ஸிலிருந்தோ தீவின் மறுகோடிக்கு ரயிலில் வரும் பிள்ளை எப்போது எழுந்து எப்போது சாப்பிடுவான்? 1 மணி ஆட்டமென்றால் காலை 9.30 மணி வாக்கில் முழுச் சாப்பாடு தர வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ப அரிசி களைந்து வைக்கலாம். நடுராத்திரிக்குப் பக்கத்தில் தெரிந்தால் வழியில் ஏதாவது வாங்கிக் கொடுக்கத்தான் முடியும். பிள்ளைகளின் சாப்பாட்டை முதலில் தீர்மானிப்பது நீங்கள் போடும் ஆட்ட அட்டவணைதான், எங்கள் சமையலறை அதற்கு அடுத்துத்தான். இந்த மடலில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாரநாள் பயிற்சியும் அப்படித்தான். 7.30 முதல் 9.30 வரை பயிற்சி. பிள்ளை மதியம் பள்ளியில் சாப்பிட்டது, அப்புறம் துணைப்பாட வகுப்பு, அங்கிருந்து நேராகத் திடல். 6.30 மணி வாக்கில் ஒரு சாண்ட்விச்சோ இரண்டு இட்லியோ உள்ளே போனால்தான் இரண்டு மணி நேரம் தாங்கும். புதிய விதிப்படி அதைத் திடலின் கம்பிவேலிக்கு உள்ளே சாப்பிடக் கூடாது. மழை பெய்தால் எங்கே உட்காருவான்? பயிற்சி முடிந்து வீடு வந்து சேர 10.30 ஆகிறது. உடல் இழந்ததை மீட்டுக்கொள்ள மிகவும் தயாராக இருப்பது ஆட்டம் முடிந்த முதல் சில மணி நேரத்தில்தான். அந்த நேரத்தில் உடல் எடையின் கிலோவுக்கு மணிக்குச் சுமார் 1 கிராம் கணக்கில் மாவுச்சத்து, தசையைச் செப்பனிடக் கொஞ்சம் புரதம், அவ்வளவுதான் தேவை. ஒரு குவளை பாலும் ஒரு முட்டையும் ஒரு வாழைப்பழமும் வீடு போய்ச் சேரும் வரை தாங்கும். அதையும் வாசலிலேயே நிறுத்திவிட்டால் பசியோடு வீட்டுக்கு வரும் பிள்ளை பாக்கெட் நூடல்ஸைப் போட்டுத் தின்றுவிட்டுப் படுக்கிறான். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு மறுபடி பள்ளி.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஜூலையிலிருந்து நம் நாட்டில் வெப்ப அழுத்த ஆலோசனை இருக்கிறது. வெயில், காற்றின் ஈரம், காற்றோட்டம் எல்லாம் சேர்த்து அளக்கும் அந்த அளவு 33 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அபாயம் அதிகம் என்று பொருள். நீங்கள் 1 மணிக்கும் 2 மணிக்கும் ஆட்டம் வைக்கிறீர்கள். செயற்கைப் புல்லில் நின்று பாருங்கள், காலணிக்குள் வரை சூடு ஏறும். இந்த வெயிலில் வேர்வையாக மட்டும் மணிக்கு ஒரு லிட்டர் போவது பெரிய விஷயமில்லை. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை திருப்பிக் குடிக்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் சாதாரண அறிவுரை. ஆனால் திடல் பக்கத்தில் இருப்பது குளிர்பானம் விற்கும் இயந்திரம், குடிநீர்க் குழாயோ கழிவறைக் கட்டடத்துக்குப் பின்னால். வெயிலில் நீண்ட ஆட்டம் ஆடும்போது ஐசோடானிக் பானம் கொஞ்சம் கொடுப்பதில் தவறில்லை, உப்பும் சேர்ந்து போகும். முதலில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெரிய பையன்கள் சிலர் ஆட்டத்துக்கு முன் எனர்ஜி டிரிங்க் குடிப்பதையும் பார்த்தேன். பிள்ளைகளும் பதின்ம வயதினரும் அதைத் தொடவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011-இலேயே சொல்லிவிட்டது. வெளிச்சாப்பாட்டைத் தடுக்கும் உங்கள் விதியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெட்டியைச் சாப்பிட முடியாது என்பதையும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அணியில் சைவப் பிள்ளைகள் இருக்கிறார்கள். புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் மட்டும் சைவமாக இருப்பவர்களும் உண்டு. முன்னோட்ட நாளில் அவர்களுக்கு மிஞ்சியது ஃபிரைஸும் பன்னும்தான். ஒரு பையன் கோழியின் எண்ணெய் பட்ட பன்னை எடுத்துப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டு வெறும் வயிற்றோடு ஆடினான். அவனுக்கு நான் வாழைப்பழம் கொடுத்ததைத்தான் உங்கள் ஊழியர் அப்போது "இனிமேல் கூடாது" என்று சொன்னார்.

ரமலான் மாதம் இன்னும் கடினம். நம் ஊரில் நோன்பு திறக்கும் நேரம் ஆண்டு முழுவதும் மாலை 7 மணியை ஒட்டியே வரும். போன ரமலானில் பயிற்சி 6 மணிக்குத் தொடங்கி 8 வரை போனது. எங்கள் அணியின் முஸ்லிம் பிள்ளைகள் நாள் முழுதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டு, பயிற்சி நடுவே கோட்டோரம் நின்று பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் அவசர அவசரமாக விழுங்கிவிட்டு மறுபடி ஓடினார்கள். ஒரு பையனின் அம்மா பிளாஸ்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து வேலிக்கு வெளியே காத்திருந்தார். அதைக் குடிக்க அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை. புதிய விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால் அந்தப் பேரீச்சம்பழமும் வெளிச்சாப்பாடு ஆகிவிடும். அப்படி நடக்க வேண்டும் என்று நீங்கள் யாரும் நினைத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கழக அலுவலகச் சுவரில் இங்கிலீஷ் லீக் ஆட்டக்காரர்களின் பெரிய படங்கள் இருக்கின்றன. அந்த லீக்கிலேயே சாப்பாடு எப்படி மாறியது என்று பாருங்கள். 1996-இல் ஜப்பானிலிருந்து ஆர்சனல் கழகத்துக்கு நிர்வாகியாக வந்த ஆர்சன் வெங்கர் முதலில் கைவைத்த விஷயங்களில் ஒன்று சாப்பாட்டு மேசை. அவித்த மீன், அவித்த காய்கறி, சாக்லேட்டுக்குத் தடை. அணிப் பேருந்தில் ஆட்டக்காரர்கள் மார்ஸ் பார் வேண்டும் என்று பாட்டுப் பாடினார்களாம். 1998-இல் அதே அணி லீக்கையும் எஃப்ஏ கிண்ணத்தையும் சேர்த்து வென்றது. சாப்பாட்டால் மட்டும் வென்றார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சாப்பாட்டை அவர்கள் அலட்சியப்படுத்தவில்லை. நம் நாட்டிலும் 2021-இல் 'அன்லீஷ் த ரோர்' தேசியத் திட்டம் தொடங்கியதிலிருந்து இளையர் காற்பந்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். நம் தேசிய அணியில் ஆடிய ராஜகோபாலின் வளைந்து போகும் ஃப்ரீகிக்கையும், சுந்தரமூர்த்தியின் கால்வித்தையையும், தென்கிழக்காசிய நாடுகள் மோதிய 1998 டைகர் கிண்ண இறுதியில் ஹனோயில் சசிகுமார் தோளால் போட்ட கோலையும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசித் தீராதவர்கள். அப்படி ஆட ஆசைப்படும் பிள்ளைகளைத்தான் உங்களிடம் அனுப்புகிறோம்.

இனி எங்கள் கோரிக்கைகள். வெளிச்சாப்பாட்டுத் தடையை, பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன், எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். பழம், ரொட்டி, இட்லி, பால், அவித்த முட்டை, சுண்டல், பேரீச்சம்பழம், தண்ணீர், இவற்றைத் திடலுக்குள் அனுமதியுங்கள். சுத்தம், ஒவ்வாமை பற்றி நியாயமான விதிகளைப் பெற்றோரோடு சேர்ந்து எழுதுங்கள். நான் முதல் ஆளாக வந்து உட்காருகிறேன்.

ஆதரவாளரின் பெட்டி வேண்டுமென்றால் அதை ஆட்டம் முடிந்த பிறகு கொடுங்கள், வாங்குவதும் வாங்காததும் பிள்ளையின் விருப்பமாக இருக்கட்டும். அதில் பொரிக்காத ஒரு வகையும் சைவமான ஒரு வகையும் இருக்க வேண்டும், சமைத்த நேரம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், 'டி' தரப் பானம் இருக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பெற்றோருக்குக் காட்டுங்கள்.

ஆட்ட நேரத்தைக் குறைந்தது நான்கு நாளுக்கு முன் சொல்லுங்கள். லீக் ஏற்பாட்டாளர்கள் தாமதமாக அறிவிக்கிறார்கள் என்றால் அவர்களிடம் கழகத்தின் சார்பில் எழுத்தில் கேளுங்கள், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம். நண்பகல் 12 முதல் 3 வரை 14 வயதுக்குட்பட்டோருக்கு ஆட்டம் வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். தவிர்க்கவே முடியாத நாளில் ஒவ்வொரு பாதியிலும் தண்ணீர் இடைவேளை கொடுங்கள். குளிர்ந்த குடிநீர்க் கலன் இரண்டு கோட்டோரமே இருக்க வேண்டும்.

ரமலானில் பயிற்சியை நோன்பு திறக்க அரை மணி நேரத்துக்கு முன் முடியும்படி வையுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் கஞ்சி குடித்துத் தொழுதுவிட்டு வந்த பிறகு தொடங்குங்கள். எந்த நேரம் வசதி என்பதை அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடமே கேட்டு முடிவெடுங்கள்.

பயிற்றுவிப்பாளர்கள் அனைவருக்கும் பருவம் தொடங்கும் முன் விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர் ஒருவரை அழைத்து அரை நாள் வகுப்பு ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைகளின் எடையைப் பற்றித் திடலில், மற்றவர்கள் முன் பேசுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

நீங்கள் பெற்றோரைச் சந்திக்க இந்த மாதத்துக்குள் ஒரு நாள் குறியுங்கள். வார இறுதியில் வைத்தால் கடை வைத்திருப்பவர்களுக்குக் கஷ்டம், வாரநாளில் இரவு 8 மணிக்கு மேல் என்றால் எல்லாரும் வர முடியும். நாளையும் இடத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

இப்படிக்கு,
14 வயதுக்குட்பட்டோர் அணி ஆட்டக்காரன் ஒருவனின் தாய்